வெறும் வானத்தில் ஐஸ்

ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருப்பது உலகத்தில் நடக்காத காரியமல்ல. மாடியில் ஒருத்தி, கீழே ஒருத்தி, நடுவில் மாமியார் என்று எத்தனையோ குடும்பங்கள் முக்கிமுனகி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த வீட்டில் மட்டும் ஒரு விசேஷம். மாடியிலிருக்கும் சின்னவளும் கீழேயிருக்கும் பெரியவளும் காலையில் ஒரே காரில் ஏறி, ஒரே விமானக் கொட்டகைக்குப் போய், ஒரே ஆராய்ச்சி விமானத்தில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து பறந்தார்கள். மற்ற வீடுகளில் சண்டை வாசற்படியோடு நின்றுவிடும். இவர்கள் சண்டை மேகத்தைத் தாண்டியும் போனது.

இதற்கெல்லாம் காரணம் பெரியவளேதான். கொழுந்தனுக்குப் பெண் தேடி வீடே அலுத்திருந்த சமயத்தில், "எங்க ஆபீஸ்லயே ஒரு பொண்ணு இருக்கா, வாயே திறக்க மாட்டா" என்று சொல்லிச் சின்னவளைக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அந்த வாய் திறந்தது. அதற்கப்புறம் மூடவில்லை.

அவர்கள் செய்கிற வேலை என்ன என்று மாமியாரைக் கேட்டால், "வானத்துல தண்ணி அளக்கறாங்களாம். நம்ம வீட்டுத் தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்கத்தான் ஆளில்ல" என்பாள். அதிலும் தப்பில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி எவ்வளவு, மேகத்தில் பனிக்கட்டித் துகள் எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை.

சின்னவளின் கருவி நீராவியை மட்டும் அளக்கும். விமானத்துக்கு வெளியே நீட்டியிருக்கும் அவளது குழாயின் வாய் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். ஐஸ் துகள்கள் அதற்குள் திரும்பி நுழைய முடியாமல் நேராகப் பறந்துவிடும். காற்றும் ஆவியும் மட்டும் உள்ளே வரும். பெரியவளின் குழாய் முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். எதிரே வருவது எதுவானாலும் விழுங்கும். உள்ளே அதைச் சூடாக்கி, ஐஸையெல்லாம் ஆவியாக்கி, மொத்தத் தண்ணீரையும் அளக்கும். பெரியவளின் எண்ணிலிருந்து சின்னவளின் எண்ணைக் கழித்தால் மிச்சம் இருப்பது மேகத்து ஐஸ். அதாவது, இந்த இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு விடை கிடைக்கும். ஆண்டவனுக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு.

மேகமே இல்லாத இடத்தில் பறந்தால் கழிப்பதற்கு ஒன்றுமிருக்காது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. இந்தப் பருவத்தின் கடைசிச் சில பயணங்களில், பளிச்சென்ற நீல வானத்திலும் பெரியவளின் எண் கூடுதலாகவே நின்றது. கணக்குப்படி வெறும் வானத்தில் ஐஸ்.

"உங்க குழாய் உள்ள காயவே இல்லக்கா. மேகத்துல குடிச்ச தண்ணியை வெளிய வந்தப்புறமும் துப்பிட்டிருக்கு" என்றாள் சின்னவள், கொட்டகையில் எல்லோரும் இருக்கும்போது. அன்றிலிருந்து பெரியவளின் கருவிக்கு அவள் வைத்த பெயர் 'ஈரத்துணி'.

"என் குழாய் அடுப்பு மாதிரி கொதிக்குது, அதுல எங்கேருந்து ஈரம் நிக்கும்? உன் பெட்டிக்குத்தான் கண்ணு சரியில்ல. பாதி ஆவியை முழுங்கிட்டுப் பாதியைச் சொல்லுது. வளர்த்த விதம் அப்படி" என்றாள் பெரியவள். கருவியைச் சொல்கிறாளா, சின்னவளின் பிறந்த வீட்டைச் சொல்கிறாளா என்று சந்தேகமே வேண்டாம்.

இந்த நேரம் பார்த்து ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் ஒரு குண்டைப் போட்டார். அடுத்த பயணம் தொலைதூரத்துக்கு, கெட்டியான ஐஸ் மேகங்களைத் தேடி. அதற்குக் கிடைத்திருப்பது சின்ன விமானம். இரண்டு கருவிகளும் போகும். ஆனால் அவற்றுக்கு ஒரே ஒரு ஆள்தான் போக முடியும்.

"நாளைக்கு மேகத்துக்கு மேல, வெறும் வானத்துல பறப்போம். அதே நேரத்துல வானிலைக்காரங்க ஈரம் அளக்கற பலூன் விடறாங்க. பலூன் யாரோட எண்ணைச் சொல்லுதோ அவங்க வரலாம். மத்தவங்க தங்களோட பெட்டியை அவங்க கையில ஒப்படைச்சிடணும்" என்றார்.

பெட்டியைக் கொடுப்பதா? ஓரகத்தியிடமா? சின்னவள் அன்று மாடிப்படி ஏறும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறினாள். அந்தக் கருவியை வெறும் அலுமினியப் பெட்டியாக இருந்த நாளிலிருந்து கட்டியெழுப்பியவள் அவள். கல்யாணத்துக்கு முன்பே அது அவளுடையது. புகுந்த வீட்டில் அவளுக்கென்று இருந்ததெல்லாம் ஒரு பீரோவும் அந்தப் பெட்டியும்தான், அதிலும் பீரோவின் கீழ்த்தட்டில் மாமியாரின் கம்பளிகள் இருந்தன. போகாமல் வீட்டில் தங்குபவளுக்கு இன்னொரு பரிசும் காத்திருந்தது. மாமியாருக்கு அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன். இரண்டு மாதம் கூடவே ஒருத்தி இருக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் இந்தப் பேச்சு வந்தாலே தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்.

மறுநாள் விமானம் மேகத்தைக் கிழித்து மேலே வந்தபோது வானம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. உள்ளே இருக்கைகளைக் கழற்றிவிட்டு வரிசையாகக் கருவி அடுக்குகளைப் பொருத்தியிருந்தார்கள். முன்னால் சின்னவள், அவளுக்குப் பின்னால் பெரியவள். கடைசியில் ஐஸ் துகள்களின் நிழலைப் படம் பிடிக்கிற கேமராக்காரர். புறப்படும்போது ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, இறங்கும்போது எழுந்திருப்பது அவர் வழக்கம். அதனால் அவர் பெயர் தூங்குமூஞ்சி. அன்றும் சக்கரம் மடங்குவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிவிட்டார்.

காதுக்கருவியில் தலைவரின் குரல் வந்தது. "பலூன் நம்ம உயரத்துக்கு வந்தாச்சு. எண் வந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "நீராவிப் பெட்டியோட அப்படியே ஒட்டுது."

சின்னவளுக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, முதுகு சுட்டது.

"அக்கா, ஈரத்துணியை எப்படிப் பிழியறதுன்னு எனக்கு எழுதிக் கொடுத்துடுங்க. போற இடத்துல உதவும்" என்றாள் காதுக்கருவியில், எல்லோருக்கும் கேட்கும்படி.

விமானி தொண்டையைச் செருமிக்கொண்டார். "காத்து அளக்கற குழலை ஒரு தடவை சரிபாத்துக்கறேன். மூக்கைக் கொஞ்சம் ஆட்டுவேன். வாந்தி வர்றவங்க பையை எடுத்து வெச்சுக்கங்க."

விமானத்தின் மூக்கை இடமும் வலமுமாகத் திருப்பி, நேராகப் போகாமல் ஒருக்களித்துப் பறக்க வைப்பது அது. வழக்கமாகத் தாழ்வான உயரத்தில்தான் செய்வார்கள். அங்கே காற்றே ஈரம், யார் எண்ணும் அசையாது. இன்றைக்கு நேரமில்லை என்று மேலேயே செய்தார் விமானி. இங்கே காற்று சருகு மாதிரி காய்ந்து கிடந்தது. ஒரு மூச்சுக்காற்றின் ஈரம் போனாலும் கருவிக்குத் தெரியும்.

மூக்கு இடது பக்கம் போனது. பெரியவளின் எண் மளமளவென்று இறங்கிச் சின்னவளின் எண்ணோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு வலது பக்கம் வந்தது. மறுபடி ஏறியது. இடது, இறங்கியது. வலது, ஏறியது.

சின்னவளின் சிரிப்பு அப்படியே உறைந்தது. குழாயின் உள்ளே ஒட்டிய ஈரத்துக்கு இடது வலது தெரியாது. இது வெளியே, விமானத்தின் உடம்போடு ஒட்டி வருகிற ஈரம். முன்னால் எங்கிருந்தோ கசிந்து, காற்றோடு பின்னால் போய், பெரியவளின் குழாய் வாயில் விழுகிறது. விமானம் ஒருக்களித்தால் அந்தக் கசிவு விலகிப் போகிறது. முன்னால் என்ன இருக்கிறது? முன்னால் இருப்பது அவளுடைய தட்டு.

ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டு, அவளது குழாயைத் தாங்குவதற்காக ஓர் அலுமினியத் தட்டைப் பொருத்தியிருந்தார்கள். துடைப்பதற்காகச் சில பயணங்களுக்கு முன் அவளே அதைக் கழற்றி மாட்டினாள். மாட்டும்போது விளிம்புக்குப் புது ரப்பர் வளையம் போட வேண்டும். அது சட்டம். புது வளையங்கள் பெரியவளின் சாமான் பெட்டியில், மேல் தட்டில் இருந்தன. அன்று காலையில்தான் துணி துவைக்கும் இயந்திரத்தில் யார் துணியை யார் எடுத்து வெளியே போட்டது என்று இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்திருந்தது. போய், "அக்கா, ஒரு வளையம் கொடுங்க" என்று கேட்பதைவிடப் பழைய வளையத்தையே துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டிவிடலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. மாட்டினாள்.

மூக்குத் துடைக்கிற காகிதத்திலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தாள். தட்டின் விளிம்போரமாக மெல்ல நகர்த்தினாள். கீழ் மூலைக்கு வந்ததும் காகிதம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் இடுக்கில் ஒட்டிக்கொண்டது. விமானத்துக்குள்ளிருக்கும் காற்று, இத்தனை பேர் விட்ட மூச்சோடும் குடித்த காபியின் ஆவியோடும், அந்த இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. வெறும் வானத்து ஐஸ் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. பாதி ஐஸ் தூங்குமூஞ்சியின் குறட்டையாகக்கூட இருக்கலாம்.

ஒட்டுநாடா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. உள்பக்கமாக ஒரு துண்டு ஒட்டினால் போதும், கசிவு நின்றுவிடும். யாருக்கும் தெரியாது. பலூன் ஏற்கெனவே தீர்ப்பைச் சொல்லியாகிவிட்டது. இறங்கிய பிறகு வளையத்தை மாற்றிவிடலாம். சின்னவள் நாடாவைக் கிழித்தாள்.

அவள் காதுக்கருவியின் ஒரு பக்கத்தை யாரோ பின்னாலிருந்து தூக்கினார்கள்.

"ஒட்டு, ஒட்டு. நான் பாத்தாச்சு" என்றது பெரியவளின் குரல், இரைச்சலுக்கு நடுவே காதோடு காதாக.

சின்னவள் திரும்பினாள். பெரியவளின் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்து அவள் பார்த்ததேயில்லை.

"என் எண்ணு ஆடினப்பவே எனக்கும் புரிஞ்சுடுச்சு. எனக்கு மட்டும் கண்ணில்லையா? பழைய வளையமா போட்ட?"

சின்னவளின் பார்வை தட்டின் விளிம்புக்குப் போனது.

"கேக்கறதுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துதாக்கும் மகாராணிக்கு."

"இப்ப என்ன செய்யணுங்கறீங்க? கத்திச் சொல்லுங்களேன். மைக்கு இருக்கே."

"எதுக்குக் கத்தணும்?" பெரியவள் குனிந்து இன்னும் நெருங்கினாள். "கத்தினா என்ன ஆகும்? உன் பெட்டியும் சரி, என் பெட்டியும் சரின்னு ஆகும். யாரு போறதுன்னு அந்த ஆளு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாரு. அதெல்லாம் வேண்டாம். நீ இறங்கினதும் சொல்லு, வீட்டுல மாமியாருக்கு ஆபரேஷன், என்னால வர முடியாது, அக்கா போகட்டும்னு. நான் வாயே திறக்க மாட்டேன். வளையத்தை நானே மாத்திடறேன்."

"அத்தையை நான் பாத்துக்கணும், அதானே?"

"பாத்துக்கோ. புண்ணியம்."

"நான் சொல்லலேன்னா?"

"சொல்லுவ." பெரியவள் அவள் தோளைத் தட்டினாள். பார்ப்பவர்களுக்கு அக்கா தங்கை மாதிரி இருந்திருக்கும். "குடும்பத்துக்குள்ள இருக்கட்டும்மா. காலத்துக்கும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்தக் 'காலத்துக்கும்' சின்னவளின் நெஞ்சில் நேராக இறங்கியது. அவளைப் பற்றி இவளுக்குத் தெரியாதா? பெரியவளின் மறதிக்கு எல்லாம் ஒரு நோக்கம் உண்டு, நினைவுக்கும் உண்டு. சாப்பாட்டு மேசையில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், "சரி விடு, வளையத்தைவிடப் பெரிய தப்பா" என்பாள். புரியாமல் இவள் புருஷன் 'என்ன வளையம்' என்று கேட்பான். "ஒண்ணுமில்லப்பா" என்று சிரிப்பாள். அவள் பிள்ளைகளின் பரீட்சைக்கு இவள் உட்கார்ந்து பாடம் சொல்லித்தர வேண்டியிருக்கும். மாடி அறையைக் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். கிழவியாகிப் பல் விழுந்த பிறகும் அந்த ரப்பர் வளையம் இவள் கழுத்தில்தான் கிடக்கும்.

நாடா விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டாமலே சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இறங்கியதும் எல்லோரும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் கூடினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கால் ஆடுகிற மேசை, சுவரில் பெரிய திரை. திரையில் மூன்று கோடுகள். பலூனின் கோடும் சின்னவளின் கோடும் கைகோத்துக்கொண்டு போக, பெரியவளின் கோடு மேலே தனியாக நின்றது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பல் வரிசை மாதிரி ஏறி இறங்கியிருந்தது.

"அது விமானம் ஆடினப்போ" என்றார் தலைவர், அந்த இடத்தை விரலால் தாண்டிப் போய். "அதை விடுங்க. ஆக, முடிவு தெளிவா..."

பெரியவள் காபியை உறிஞ்சியபடி சின்னவளைப் பார்த்தாள். கண்ணால், 'எழுந்திரு' என்றாள்.

சின்னவள் எழுந்தாள்.

"அதை விடக் கூடாது சார். அந்த இடத்துலதான் விஷயமே இருக்கு. அக்கா பெட்டியில தப்பில்ல. என் தட்டுல கசிவு. உள்ளக் காத்து வெளிய போய் அவங்க குழாயில விழுது. பழைய ரப்பர் வளையத்தையே மாட்டினது நான். தெரிஞ்சே மாட்டினேன்."

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. காபி கோப்பை உதட்டுக்கும் மேசைக்கும் நடுவில் அப்படியே நின்றது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சேவா? ஏன்? புது வளையம் ஸ்டாக்குல இல்லையா?"

"இருந்துது. அக்கா பெட்டியில. கேக்கப் பிடிக்கல."

விமானி சத்தமாகச் சிரித்துவிட்டு, தலைவரின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இன்னொண்ணும் இருக்கு சார்" என்றாள் சின்னவள். பாதியில் நிறுத்துகிற ரகமில்லை அவள். "கசிவு விஷயம் பறக்கும்போதே அக்காவுக்கும் தெரியும். நான் ஒதுங்கிட்டு மாமியாரைப் பாத்துக்கிட்டா வெளிய சொல்ல மாட்டேன்னு பேரம் பேசினாங்க."

"ஏய்! வீட்டு விஷயத்தை இங்க எதுக்குக் கொட்டற?" பெரியவள் கோப்பையை வைத்த வேகத்தில் மேசை ஆடியது.

"நீங்கதானே வீட்டை விமானத்துல ஏத்தினீங்க?"

"நான் சொல்லவே மாட்டேன்னுதானேடீ இருந்தேன்!"

"அதான் சொன்னேன்."

தலைவர் கையை உயர்த்தினார். நல்ல மனிதர், கோபம் வந்தால் குரல் இறங்கிப் போகும். இப்போது கிட்டத்தட்டக் கேட்கவேயில்லை. "அந்தத் தட்டை மாட்டினதுக்கு அப்புறம் நடந்த அத்தனை பயணத்தோட ஐஸ் கணக்கும் குப்பைக்குப் போகுது. எத்தனை பேரோட வேலை அது? மேகத்துல ஐஸ் எவ்வளவுன்னு நான் கேட்டா, வீட்டுல சண்டை எவ்வளவுன்னு நீங்க ரெண்டு பேரும் பதில் கொடுக்கறீங்க."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு பெட்டியும் சரி" என்றார். "ஆளுங்கதான் ரெண்டு பேரும் தப்பு. ஒருத்தங்க வளையம் கேக்க மாட்டாங்க. இன்னொருத்தங்க கசிவைப் பாத்தும் சொல்ல மாட்டாங்க. சின்ன விமானம் அது. அதுல நான் வேற உக்காந்திருக்கணும்." அறையைச் சுற்றிப் பார்த்தார். கடைசி வரிசையில் தூங்குமூஞ்சி அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "நீங்க போங்க. ரெண்டு பெட்டியையும் இவங்ககிட்ட கத்துக்கங்க."

"எங்க?" என்றார் தூங்குமூஞ்சி.

வீடு திரும்பும்போது காரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரியவள் கியரைப் போட்ட விதத்தில் கார் மட்டும் முனகியது. வாசலில் மாமியார் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேருமே எங்கும் போகவில்லை என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். மலர்ந்தது கொஞ்சம் வாடியது. "ரெண்டு மாசமும் ரெண்டு பேருமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சின்னவளுக்கு அன்று அழுகை வந்தது. வராமலா இருக்கும்? வெள்ளை மேகங்களுக்கு நடுவே தன் பெட்டியை இன்னொருவர் கை தொடும் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆனால் கீழே பெரியவள் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிற சத்தம் கேட்டபோது, அழுகைக்கு நடுவே ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அந்தக் கையில் இனி பிடித்து இழுக்கக் கயிறு இல்லை.

வாரம் பிறந்ததும் பாடம் ஆரம்பமாயிற்று. கொட்டகையில் இரண்டு கருவிகளையும் அருகருகே வைத்து, நடுவில் தூங்குமூஞ்சியை உட்கார வைத்தார்கள். இடது காதில் பெரியவள், வலது காதில் சின்னவள். இந்த மனிதர் வாழ்நாளில் இவ்வளவு நேரம் தொடர்ந்து விழித்திருந்ததில்லை.

"முதல்ல சூடேத்தணும். குழாய் கொதிக்கணும், அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றாள் பெரியவள்.

"அதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம் சார். முதல்ல காய்ஞ்ச காத்தை விட்டுக் குழாயைக் கழுவணும்" என்றாள் சின்னவள்.

"அவ சொல்றதைக் கேட்டா வளையத்தை மறந்துடுவீங்க."

"இவங்க சொல்றதைக் கேட்டா வளையம் போனதையே மறைச்சிடுவீங்க."

தூங்குமூஞ்சி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்தைத் தடவிக்கொண்டார். அவர் முன்னால் இரண்டு வால்வுகள் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார் பயந்தபடி. "இந்த ரெண்டுல எதை முதல்ல திறக்கணும்?"

"என்னோடதை" என்றார்கள் இருவரும்.